மிளகுக் களமான தொட்டி: சேர்வராயன் மலையில் ஒரு குடிநீர்த் திட்டம்

சேர்வராயன் மலையில் ஒரு குக்கிராமம். ஊருக்குள் நுழையும் இடத்திலேயே 30,000 லிட்டர் பிடிக்கும் மேல்நிலைத் தொட்டி ஒன்று ஏழரை மீட்டர் தூண்களின் மேல் நிற்கிறது. அதைச் சுற்றிப் போட்டிருக்கும் சிமெண்ட் தளத்தில் மாசி, பங்குனியில் மிளகு காய்கிறது. மழை தூறினால் தார்ப்பாயோடு இழுத்துத் தொட்டிக்கு அடியில் போட்டுவிடலாம், ஒரு மணிகூட நனையாது. இவ்வளவு நல்ல களம் ஊரில் வேறு இல்லை என்று அங்கே உள்ள பெண்கள் சொல்கிறார்கள். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொல்கிறார்கள். அந்தத் தொட்டிக்கு எஸ்டிமேட் போட்டவன் நான்.

சேலம் மாவட்டத்தில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓவர்சியராக இருந்துவிட்டு 2023 மே மாதம் ஓய்வு பெற்றேன். ஊரின் பெயரையும் ஊராட்சியின் பெயரையும் எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் நாளைக்கும் மனுவோடு அதே மேசைகளுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். மற்றபடி நடந்தது நடந்தபடி.

ஊர்

62 வீடு, ஏறக்குறைய 240 பேர். மேலே 18 வீடு, கீழே 44 வீடு. மேலூர், கீழூர் என்று அவர்களே பிரித்துச் சொல்வார்கள். எல்லோரும் மலையாளி பழங்குடியினர். சமவெளியில் இந்தப் பெயரைக் கேட்டதும் கேரளாவா என்பார்கள். இவர்கள் தமிழ் பேசுகிறவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த வம்சம் என்று தங்கள் கதையைச் சொல்கிறவர்கள். சேர்வராயன் மலையைச் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடாகப் பிரித்து வாழ்ந்த வழக்கம் பழையது. இன்றைக்கும் ஊர்க்கவுண்டர் சொல்லாமல் ஊர்ப் பொதுவில் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது. 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த பிறகு மலையின் நல்ல பாகமெல்லாம் எஸ்டேட் ஆனது. அதனால் சொந்தக் காட்டில் சாமையும் கொள்ளும், கார்த்திகையிலிருந்து மாசி வரை எஸ்டேட்டில் காபிப்பழம் பறிக்கும் கூலி, அப்புறம் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகு என்று ஓடுகிறது பிழைப்பு.

ஊராட்சி அலுவலகம் 7 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கிராமசபை அங்கேதான் கூடும். ஜனவரி 26 காபி பறிக்கும் பருவத்தின் நடுவில் வருகிறது. அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு 7 கிலோமீட்டர் போய், நூறு பேருக்குப் பின்னால் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர யாருக்கு முடியும்? ஆண்கள் நாலைந்து பேர் போவார்கள். தண்ணீர் சுமப்பது ஆண்கள் இல்லை.

எஸ்டிமேட்

முன்பு வருடத்துக்கு நாலு கிராமசபை. 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். அந்த நவம்பர் 1 கூட்டத்தில் இந்த ஊருக்குக் குடிநீர் வசதி செய்து தர வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி ஏறியது. ஒரே வரிதான். எங்கிருந்து தண்ணீர், எத்தனை வீட்டுக்கு, எந்த மாதத்தில் பஞ்சம் என்று எதுவும் அதில் இல்லை. இருக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

பணம் இருந்தது. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட நிதி. வேறு எதற்கும் எடுக்க முடியாது. அந்த மாதிரி நிதி கையில் இருந்தால் மார்ச் 31க்குள் வேலையைக் காட்டியாக வேண்டும். நவம்பரில் தீர்மானம், மார்ச்சில் கணக்கு முடிப்பு. நடுவில் கிடைக்கும் நாலு மாதத்தில் இடம் பார்த்து, போர் போட்டு, எஸ்டிமேட் எழுதி, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி வாங்கி, டெண்டர் விட்டு, கான்கிரீட் போட்டு, செய்த வேலையின் அளவைப் பதியும் எம்-புக் எழுத வேண்டும். இந்த அவசரம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

கார்த்திகையில் திருச்செங்கோட்டு ரிக் வண்டி மேலே வந்தது. எங்கே போடுவது என்று பெரிய ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை. அந்த வண்டி திரும்பக்கூடிய ஒரே இடம் ஊர் நுழைவாயில். அங்கேதான் நின்றது, அங்கேதான் போட்டது. 620 அடி. இரண்டு இஞ்ச் தண்ணீர் பொங்கி வந்தது, பையன்கள் விசில் அடித்தார்கள். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்க்கும் ஈல்டு டெஸ்ட் எடுத்து எழுதிக்கொண்டேன். அந்தத் தாளில் தேதியும் இருக்கிறது, அளவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இந்த மலையில் கல்லைக் கீறினாலும் தண்ணீர் வரும்.

சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற கெட்டிப் பாறையால் ஆனது. உச்சியில் தொப்பி மாதிரி பாக்சைட் படிந்த இடங்கள் உண்டு. ஒரு காலத்தில் வெட்டியும் எடுத்தார்கள். மழைநீர் மேலே இருக்கும் உக்கிய மண்ணில் இறங்கி, அடியில் கெட்டிப் பாறை தடுத்ததும் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் எங்கேயாவது ஊற்றாக எட்டிப் பார்க்கும். பாறைக்குள் போர் போட்டால் வெடிப்பு கிடைத்தால்தான் தண்ணீர், அந்த வெடிப்பிலும் மேல்மண் கொடுக்கிற வரைக்கும்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

தொட்டியின் இடமும் அப்படித்தான் முடிவானது. எஸ்டிமேட்டில் லீட் என்று ஒன்று உண்டு. ஜல்லி, எம்-சாண்ட், சிமெண்ட் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று கிலோமீட்டர் கணக்கில் ஏற்றும் செலவு. லாரி நிற்கும் இடத்திலிருந்து மேலே போக வேண்டும் என்றால் தலைச்சுமை. அந்த ரேட்டைப் போட்டால் எஸ்டிமேட் வீங்கும், மேலே இருப்பவர் கேள்வி கேட்பார். ஆகவே லாரி நிற்கும் இடத்தில் தொட்டி. டிசைன் வேறு தயாராக அலமாரியில் இருந்தது, சமவெளி ஊருக்காக வரைந்த டைப் டிசைன். தட்டையான ஊரில் தண்ணீர் வீடுகளுக்கு இறங்க வேண்டும் என்றால் தொட்டியைத் தூணில் ஏற்றத்தான் வேண்டும். மலையில் எதற்குத் தூண்? ஊருக்கு மேலே சரிவில் தரைமட்டத் தொட்டி கட்டினாலே தண்ணீர் தானாக இறங்கும். இதைப் பத்தாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான்.

இன்னொன்றும் இருக்கிறது. மேலூரின் 18 வீடும் அந்தத் தொட்டியின் மூடியைவிட உயரத்தில் இருக்கின்றன. நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அப்புறமாக அவர்களுக்குத் தனியாக ஒரு சின்டெக்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். 'அப்புறமாக' என்ற தலைப்பில் எந்த நிதியும் வராது.

2023 மார்ச்சில் வேலை முடிந்தது. சித்திரையில் மோட்டாரைப் போட்டால் 25 நிமிடம் தண்ணீர், பிறகு காற்று. முப்பதாயிரம் லிட்டர் தொட்டியில் அடிமட்டம்கூட நனையவில்லை.

குடமும் செல்போனும்

ஓய்வு பெற இரண்டு வாரம் இருக்கும்போது அந்த ஊரிலிருந்து ஒரு மனு வந்தது. கோப்பை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஏனோ போய்ப் பார்த்தேன். குழாயடியில் யாரும் இல்லை. ஊரில் எல்லோரும் ஆயா என்று கூப்பிடும் ஒரு மூதாட்டி மட்டும் திண்ணையில் உட்கார்ந்து கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி எங்கம்மா எடுக்கறீங்க?" என்றேன்.

"எப்பவும் எடுக்கற எடத்துலதான் சாமி."

"அது எங்க இருக்குது?"

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தொட்டி கட்ட வந்தப்ப இதக் கேக்கவே இல்லீங்களே" என்றார். குத்திக் காட்டும் குரல் இல்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் இருந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஊற்று மேலூரைத் தாண்டி, காப்புக்காட்டு எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரு அத்தி மரம், அதன் வேருக்குக் கீழே பாறை இடுக்கு, இடுக்கிலிருந்து விரல் தடிமனில் ஒரு தாரை. பக்கத்தில் ஏழு கல் நட்டு மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள், கன்னிமார். ஆயா குனிந்து ஈர மண்ணில் இருந்த பொந்துகளைக் காட்டினார். நண்டு வளை. நண்டு இருக்கிற ஊற்று வற்றாதாம்; அவருடைய மாமியார் காலத்தில் ஒரு பெரிய பஞ்சத்தில் கீழே ஓடையெல்லாம் வெடித்தபோதும் இங்கே நண்டு இருந்ததாம். எங்கள் துறையின் படிவத்தில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை, ஆனால் நான் போர் போட்ட இடத்தில் நண்டு வளை இருந்ததா என்று அவர் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி கூட வந்திருந்தாள். அவள் கையில் இருந்தது 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம். தாரைக்குக் கீழே வைக்கச் சொல்லி, செல்போனில் நேரம் பார்த்தேன். நிறைய 110 விநாடி ஆனது. மூன்று தடவை பார்த்தோம், இரண்டு மூன்று விநாடி முன்னே பின்னே வந்தது. வைகாசி மாதம், அதாவது வருடத்திலேயே மோசமான நேரம்.

ஒரு நாளைக்கு 86,400 விநாடி. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 11,800 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறார்கள். 240 பேருக்கு 13,200. அதாவது 620 அடி தோண்டி நான் தேடிய தண்ணீரில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு இங்கே கண் முன்னால் சும்மா வழிந்துகொண்டிருந்தது.

அப்படியானால் ஏன் பஞ்சம்? பேத்திதான் இதற்கும் விடை சொன்னாள், அவளுக்குத் தெரியாமலே. காலையில் ஐந்திலிருந்து ஒன்பது வரை, சாயந்திரம் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் யாரும் அங்கே வருவார்கள். இருட்டினால் காட்டெருமை தண்ணீர் குடிக்க வரும், போக முடியாது என்றாள். ஆறு மணி நேரத்தில் 196 குடம் நிறையும். 62 வீட்டுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு 3 குடம். மிச்சப் பதினெட்டு மணி நேரத் தண்ணீர் ஓடையில் போய்விடுகிறது. இந்த ஊருக்குத் தேவைப்பட்டது தண்ணீர் இல்லை, இரவு முழுக்கத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு பாத்திரம்.

இன்னொரு விஷயமும் அன்றைக்குப் பார்த்தேன். ஊரில் தனிநபர் கழிப்பறைகள் இருந்தன, ஒவ்வொன்றும் 12,000 ரூபாய் ஊக்கத்தொகையில் கட்டியவை. பாதிக்கு மேல் விறகு அடுக்கியிருந்தார்கள். மூன்று குடம் தண்ணீரில் சமைக்கவா, மாட்டுக்கு வைக்கவா, கழிப்பறைக்கு ஊற்றவா? விழிப்புணர்வு இல்லை என்று எத்தனை அறிக்கையில் எழுதியிருப்போம்.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

ஊற்று எந்தப் பதிவிலும் இல்லை. நில விவரம் எழுதும் அ பதிவேட்டில் இல்லை, நில அளவைப் புலப்படத்தில் இல்லை, ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் இல்லை. காப்புக்காட்டுக்குள் இருப்பதால் வருவாய்த் துறை வரைபடம் எல்லைக்கல்லோடு நின்றுவிடும். வனத்துறை வரைபடத்தில் விரல் தடிமன் தாரை வராது. ஆகவே நாங்கள் மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டபோது அந்த ஊற்று உலகத்திலேயே இல்லை.

காப்புக்காடு என்றதும் ஊராட்சித் தலைவர் கையை விரித்தார். எனக்கும் முப்பது வருடத்தில் அதுதான் பழக்கம்: வனத்துறை நிலம் என்றால் கோப்பை மூடிவிட வேண்டும். 1980ஆம் வருட வனப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகப் போனால் ஒரு பைப்புக்காக எந்த ஊராட்சியும் தாக்குப்பிடிக்காது.

ஆனால் 2006ஆம் வருட வன உரிமைச் சட்டத்தில் பிரிவு 3(2) என்று ஒன்று இருக்கிறது. பழங்குடியினருக்குப் பட்டா கொடுக்கும் சட்டம் என்றுதான் எல்லோரும் இதை நினைக்கிறோம். தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்காலத் தடையால் அந்தப் பட்டாவே பல வருடம் முடங்கிக் கிடந்து 2016இல்தான் நகர ஆரம்பித்தது. அதனால் உள்ளே இருக்கும் இந்தச் சின்னப் பிரிவை யாரும் திறந்து பார்க்கவில்லை. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, சாலை, குடிநீர்க் குழாய் என்று 13 வகைப் பொது வசதிக்கு வன நிலத்தை எடுத்துக்கொள்ள அதில் வழி உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராமசபை பரிந்துரைக்க வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது ஊற்றிலிருந்து எல்லைக்கல் வரை 140 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்தில் பைப் பதிக்க இடம். 70 சதுர மீட்டர். இரண்டு சென்ட்டுக்கும் குறைவு. மரம் ஒன்றுகூட இல்லை.

ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருந்தது. இதைச் சொல்லிக்கொடுத்தது பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பழங்குடி மக்களோடு வேலை செய்யும் ஒரு பழைய நண்பர்; அவர் சொல்லாமல் எனக்கும் தெரிந்திருக்காது.

2023 ஆகஸ்ட் 15 கிராமசபைக்கு ஊரே ஒரு குட்டியானை வண்டி வாடகைக்கு எடுத்துப் போனது. 31 பெண்கள், இரண்டு நடை. அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி என்று தமிழ்நாட்டில் எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் அந்தப் பகுதிகளின் ஊராட்சிகளுக்கான 1996ஆம் வருட பெசா சட்டம் தரும் குக்கிராம அளவுக் கிராமசபை இங்கே கிடையாது. ஆந்திராவில் மலைக் குக்கிராமம் தன் மரத்தடியில் கூடலாம், இங்கே 7 கிலோமீட்டர் போய்த்தான் தன் ஊற்றைப் பற்றிப் பேச வேண்டும். ஆயா பேசினார். இரண்டே வாக்கியம்: ஊற்று எங்கே இருக்கிறது, அதைத் தோண்டக் கூடாது. தீர்மானத்தில் இந்த முறை ஒரு வரி இல்லை, ஒன்றரைப் பக்கம். குடம் நிறைய எத்தனை விநாடி என்பதும் அதில் இருந்தது.

வனச்சரகர் நேரில் வந்தார். சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. ஊற்றைப் பார்த்தார், காட்டெருமைக் குளம்படியைப் பார்த்தார், பிறகு என்னிடம், "எல்லாத் தண்ணியையும் ராத்திரி பைப்ல விட்டுட்டா, இதுங்க எங்க சார் போகும்? உங்க கொள்ளுக் காட்டுக்குத்தான் வரும்" என்றார். எனக்கு உறைத்தது. 18 மணி நேரத் தண்ணீர் வீணாகப் போகிறது என்று எழுதியிருந்தேனே, அது வீண் இல்லை, வேறு யாரோ குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு எப்போதும் ஓடையில் வழிய வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையோடு வைகாசிக் கணக்கு 11,800 இலிருந்து 7,850 லிட்டராக இறங்கியது. ஆளுக்கு 33 லிட்டர். 55 வராது. ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று பயந்தேன். ஊர்க்கவுண்டர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, சரி என்றார்.

2024 பிப்ரவரியில் அனுமதி வந்தது. மார்ச் 16 நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு, நடத்தை விதி, ஜூன் வரை எல்லாம் நின்றது. அந்தக் கோடையும் போனது.

கட்டியது

வன நிலத்துக்குள் முடிந்தவரை குறைவாக என்று முடிவு செய்தோம். ஊற்றடியில் ஒரு சின்ன சிமெண்ட் பெட்டி மட்டும். 10,000 லிட்டர் தரைமட்டத் தொட்டியை, அதாவது சம்ப்பை, எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், ஊர்க்கவுண்டரின் அவரைக் காட்டு மூலையில் கட்டினோம். இடத்தை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். முதல் குழாய் தன் வீட்டு வாசலில் வேண்டும் என்றும் கேட்டார். கொடுக்கவில்லை. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

ஊற்றுப் பெட்டி கட்டும்போது கொத்தனார் தாரை பெரிதாக வரட்டும் என்று பாறை இடுக்கில் கடப்பாரையை வைத்தார். ஆயா எங்கிருந்துதான் பார்த்தாரோ, ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணக் கொத்தாத கண்ணு, கண்ணக் கொத்தாத" என்றார். ஊற்றுக்கண்ணை நோண்டினால் தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொண்டு கீழே எங்கேயோ போய்விடும், அதற்கப்புறம் கூப்பிட்டாலும் வராது. பாறையியல் படித்தவர்களும் இதையேதான் சொல்வார்கள். பெட்டியைத் தாரைக்கு ஒரு முழம் தள்ளி வைத்து, பாறையைத் தொடாமல் கட்டினோம். மூன்றில் ஒரு பங்குக்குப் பெட்டியின் பக்கச் சுவரில் தனித் துளை. அதை அடைக்க முடியாதபடி இரும்புச் சட்டம்.

தலைச்சுமை ரேட்டை இந்த முறை எஸ்டிமேட்டில் போட்டார்கள். கல் சொந்தக் காட்டிலிருந்து வந்தது, சிமெண்ட்டும் மணலும் மட்டும் சுமை. முந்தைய தொட்டியோடு பார்த்தால் மொத்தச் செலவு ரொம்பக் குறைவு, மோட்டாரும் கரண்ட் பில்லும் கிடையாது.

தப்பு இங்கேயும் நடந்தது. பழக்கத்தில் 4 கிலோ அழுத்தம் தாங்கும் பிவிசி பைப் எழுதிவிட்டேன். சமவெளியில் அது தாராளம். ஆனால் பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் ஏறும். சம்ப்பிலிருந்து கீழூரின் கடைசிக் குழாய் வரை 60 மீட்டர் இறக்கம், அதாவது ஆறு கிலோ. முதல் நாள் வால்வைத் திறந்த ராத்திரி கீழூரில் டமார் என்று ஒரு சத்தம், பைப்பின் வளைவுத் துண்டு பிடுங்கிக்கொண்டு பறந்து ஒருவர் வீட்டு ஓட்டை உடைத்தது. பாதி இறக்கத்தில் மிதவை வால்வு போட்ட ஒரு 500 லிட்டர் தொட்டியை வைத்து அழுத்தத்தை உடைத்த பிறகு சரியானது. ஓட்டுக்குக் காசு நான் கொடுத்தேன்.

2024 அக்டோபர் கடைசியில், தீபாவளிக்கு முந்தின வாரம், தண்ணீர் விட்டோம். டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை வந்து ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. ஊருக்குள் பைப் ஒரு இடத்தில் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். அந்த வாரம் வெளியிலிருந்து யாரும் வர முடியாத நேரத்தில் ஊர்ப் பையன்களே மண்ணைப் போட்டு மூடினார்கள்.

தண்ணீர் வந்த பிறகு

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு தனி அலுவலர். கையெழுத்து வேண்டும் என்றால் அலுவலகத்துக்குப் போக வேண்டும். டேங்க் ஆபரேட்டர் என்று யாரையும் இந்தச் சம்ப்புக்கு நியமிக்கவில்லை, காரணம் மோட்டார் இருந்தால்தான் ஆபரேட்டர். மூன்று பெண்கள் முறை போட்டு வால்வைத் திறந்து மூடுகிறார்கள். மாதம் வீட்டுக்கு 20 ரூபாய் வசூல். மேலூர் வால்வு முதலில் திறக்க வேண்டும், கீழூர் பிறகு. மாற்றித் திறந்தால் கீழே இருப்பவர்களே எல்லாத் தண்ணீரையும் இழுத்துக்கொள்வார்கள். இதற்காக இரண்டு சண்டை நடந்தது. இரண்டாவது சண்டைக்குப் பிறகு வால்வுச் சாவி ஆயா வீட்டில் தொங்குகிறது.

எனக்குக் கவலை வேறு பக்கம். ஊற்றுக்கு மேலே, காட்டைத் தாண்டி, ஒரு காபி எஸ்டேட் கைமாறிவிட்டது. நிழல் மரத்தில் கொஞ்சம் போய்விட்டது, காட்டேஜ் கட்டுகிறார்கள், இரண்டு போர் போட்டாயிற்று. மலையில் நிலத்தை இப்படி மாற்ற 1990இலிருந்து மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும், ஹாக்கா என்பார்கள். அந்த ஒப்புதலில் சரிவு எவ்வளவு, மரம் எத்தனை, மண் எப்படி என்று பார்க்கிறார்கள். கீழே யாருடைய ஊற்றுக்கு இந்த மேல்மண் தண்ணீர் கொடுக்கிறது என்று கேட்க வேண்டுமானால், ஊற்று முதலில் ஏதாவது ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும். இந்த ஊரின் ஊற்று இப்போது இரண்டு காகிதத்தில் இருக்கிறது: கிராமசபைத் தீர்மானம், வனத்துறை அனுமதி. அதே மலையில் மற்ற ஊர்களின் ஊற்றுகள் ஆயாக்களின் தலைக்குள் மட்டும் இருக்கின்றன. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று வருடா வருடம் படிவம் நிரப்புகிறோம். தெருவிளக்குக்குக் கட்டம் இருக்கிறது, வைகாசியில் குடம் நிறைய எத்தனை விநாடி என்பதற்கு ஒரு கட்டம் சேர்க்க எவ்வளவு மை செலவாகிவிடும்?

பேத்தி இப்போது பதினொன்றாம் வகுப்பு. சம்ப்பின் வெளிச்சுவரில் பெயிண்டால் எழுதுவது அவள் வேலை. 2023: 110. 2024: 112. சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த வாரத்தில் இந்த வருடம் நானும் போயிருந்தேன். அதே பழைய குடம்தான், அடியில் கொஞ்சம் நசுங்கியிருந்தது. 118.

சுவரிலேயே பெருக்கிப் பார்த்தாள். காட்டெருமைப் பங்கு போக 7,300 லிட்டர் சொச்சம். போன வருடக் கணக்கில் வீட்டுக்கு 8 குடம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

"ஏழுதான் வருது ஆயா" என்றாள். "கொஞ்சம் மிஞ்சும். அங்கன்வாடிக்கு விட்டுரலாம்."

ஆயா அண்ணாந்து மலையைப் பார்த்தார். எஸ்டேட் பக்கம் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. அன்று சாயந்திரமே இரண்டு வால்வுக்கும் பத்து பத்து நிமிடம் குறைத்தார்கள்.